மேலிருந்து இறங்கும் கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. என் பக்கத்துச் செய்தி ஒன்றே ஒன்றுதான்: ஒரு மாதமாக இரவுகளில் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் கிராமத்துக் கிதார்க்காரர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தற்செயலாகத் தொடங்கியது இது. தலைநகர் கேபரோனுக்கு அருகே உள்ள கோபோங் என்னும் ஊரைச் சேர்ந்த ரோனி மொய்போலாய் வாசிக்கும் காணொளி ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய இடக்கையைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். நாம் கிதாரின் கழுத்தை அடியிலிருந்து வளைத்துப் பிடிப்போமல்லவா? அவர் கையை மேற்புறமாகக் கொண்டுவந்து, ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துபவரைப் போல விரல்களைத் தந்திகளின்மேல் இறக்குகிறார். கல்லூரி நாட்களில் நீ ஒருமுறை விளையாட்டாக அப்படிப் பிடித்ததற்கு, நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் உன் விரலில் ஸ்கேலால் தட்டினாரே, நினைவிருக்கிறதா?

அங்கே பலர் ஆறு தந்திகள் கட்டுவதில்லை. கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் தடித்த மந்திரத் தந்தி ஒன்று, மெல்லியவை மூன்று, அவ்வளவுதான். மந்திரத் தந்தி தன் போக்கில் ஒரு மெட்டை நடத்திச் செல்ல, மெல்லிய தந்திகள் அதன்மேல் இடைவிடாமல் சிணுங்க, இரண்டுக்கும் நடுவே செட்ஸ்வானா மொழிப் பாட்டு பேச்சைப் போல இயல்பாக வந்து அமர்கிறது. ரோனி இடையிடையே முழங்கையாலும் தந்தியை அழுத்துகிறார். வித்தை காட்டுகிறார் என்று முதலில் முகம் சுளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டபோது தாளம் இம்மியும் பிசகவில்லை.

அவரைத் தொடர்ந்து சிபோங்கிலே கைலாவைக் கேட்டேன். அவர் வாசிப்பில் ஆர்ப்பாட்டம் குறைவு; எனக்கென்னவோ அதுதான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. தந்தி குறைவு என்பது அந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. அவர்களுடைய பழைய இசைக்கருவியான செகாபாவில் ஒரே ஒரு தந்திதான்: ஒரு கோல், அதன் நுனியில் ஒரு தகரடப்பா, வில். அதை வைத்துக்கொண்டே ராட்சி செட்லாகோ நாடறிந்த பாடகராக விளங்கினார். 2022 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது.

என் கிதாரில் இரண்டு தந்திகளைக் கழற்றிவிட்டேன். மேலிருந்து பிடித்துப் பழகியதில் மணிக்கட்டு வலிக்கிறது. மந்திரத் தந்தி மட்டும் ஓரளவு வசப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் வரும்போது உன் கிதாரையும் எடுத்து வா. மெல்லிய தந்திகள் மூன்றும் உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்