வன்னிக்கு ஒரு சான்றுப்பொருள் ஏற்பு நிலையமும் போதைப்பொருள் இனங்காணும் பிரிவும் வேண்டிக் கோரிக்கை மனு

செயலாளர் அவர்கள்,
நீதி அமைச்சு,
கொழும்பு 12.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: வன்னியில் கைப்பற்றப்படும் போதைப்பொருள்களும் ஏனைய தடயப்பொருள்களும் ஆய்வுகூடத்தை அடையுமுன் கெடுவதைத் தடுத்தல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணிகளும், ஆய்வுகூடப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்களும், இரசாயனவியல் கற்பிப்பவர்களும் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இங்கே பிடிபடுவது கேரள கஞ்சாவோ, ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமினோ, ஹெரோயினோ, கசிப்பு எனப்படும் கள்ளச் சாராயமோ, போதை மாத்திரையோ எதுவானாலும், அது இன்னதென்று சொல்லும் அறிக்கை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இருந்தே வரவேண்டும். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் எங்கள் முதற்கவலை தூரமல்ல. ஏ9 வீதியில் ஏறுமுன்பே சான்று கெட்டுப்போகிறது என்பதுதான். கெட்டுப்போன மாதிரியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் மீட்க முடியாது.

இதில் ஓர் ஆளின் உயிரே தொங்குகிறது. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கான 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 2 கிராம் ஹெரோயின் மரண தண்டனைக்கோ ஆயுட்கால மறியலுக்கோ உரிய அளவு. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் மெதம்பெற்றமினுக்கு 5 கிராமை அந்த எல்லையாக வைத்தது. அத்தகைய குற்றச்சாட்டில், தூய அளவு, அதாவது கலப்பு நீக்கிய போதைப்பொருளின் எடை, 10 கிராமோ அதற்கு மேலோ என்று அக்கட்டளைச் சட்டத்தின் 77அ பிரிவின் கீழான பகுப்பாய்வாளர் அறிக்கை காட்டினால், விதிவிலக்கான சூழ்நிலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே பிணை தரலாம். வீதியில் பிடித்த தூள் 14 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 வீதம் ஹெரோயின் என்றால் 2.8 கிராம், 10 வீதம் என்றால் 1.4 கிராம். மிச்சம் பரசிற்றமோலும் கஃபீனும். அந்த வீதம் தெரியவரும்வரை ஒருவர் விளக்கமறியலில் இருக்கிறார், குடும்பம் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நிற்கிறது.

முதற்பிழை தராசில் தொடங்குகிறது. 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு 2 கிராம் எல்லையைத் தீர்மானிக்கப் போதாது. நகைக்கடைத் தராசில் நிறுத்தாலும், அது எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது. உறையோடு நிறுப்பது இன்னும் மோசம். ஒரு சிறு பொலித்தீன் உறை 0.2 கிராம் என்றால், 50 பொதிகளில் உறை மட்டுமே 10 கிராம். ஆய்வுகூடம் உறையை நீக்கி நிறுத்ததும் எடை குறைகிறது. குறைந்தது உறையின் எடைதான் என்பதை எழுத்தில் வைத்திராவிட்டால், பொருள் வழியில் களவு போனதா என்று நீதிமன்றம் சந்தேகிப்பது நியாயமே. மொத்த எடை, வெற்று உறையின் எடை, தேறிய எடை ஆகிய மூன்றையும் சந்தேக நபரின் முன்னிலையில் குறித்து, அவருடைய பெருவிரல் அடையாளத்தோடு அரக்கு முத்திரையிட்டால் இந்தச் சண்டைகளில் பெரும்பகுதி எழாது.

அடுத்தது எங்கள் காலநிலை. பச்சைக் கஞ்சாவைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் சில நாட்களில் பூஞ்சணம் பிடித்து அழுகும். காயும்போது எடையின் பெரும்பகுதி நீராகப் போய்விடும். அதைக் காற்றோட்டத்தில் உலர்த்திக் கடதாசிப் பையில் இடவேண்டும். ஹெரோயின் வேறு விதம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல 6-மொனோஅசற்றைல்மோர்பினாகவும் பின் மோர்பினாகவும் பிரியும். மாரி ஈரத்திலும் ஆனி வெயிலிலும் தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடந்த பொதியில் அளக்கப்படும் தூய அளவு, பிடித்த நாளில் இருந்த அளவாக இராமல் போகலாம். அந்தப் பிழையை அறிக்கையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நிறச்சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போமல்டிகைட்டும் செறிந்த கந்தகவமிலமும் சேர்ந்த மார்க்கிஸ் சோதனைப்பொருளில் ஹெரோயின் ஊதாவாகும். ஆனால் மோர்பினும் கொடெயினும் அப்படியே ஊதாவாகும். மெதம்பெற்றமின் செம்மஞ்சளாகிக் கபிலமாகும். கொக்கேயினுக்குரிய கோபாற்று தயோசயனேற்று லிடோகெயினுக்கும் நீலம் காட்டும். நிறம், சந்தேகத்துக்கு இடமுண்டு என்று மட்டுமே சொல்லும். போதைப்பொருள் ஆய்வுக்குச் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட நெறிப்படி, அகச்சிவப்பு நிறமாலை, திணிவு நிறமாலை போன்ற முதல் வகுப்பு முறை ஒன்றும், அதிலிருந்து வேறுபட்ட இன்னொரு முறையும் ஒரே முடிவைத் தரவேண்டும். ஐஸ் போலவே பளிங்காகத் தெரியும் ஐசோபுரோபைல்பென்சிலமீனுக்கும் மெதம்பெற்றமினுக்கும் மூலக்கூற்று நிறை ஒன்றே, 149. திணிவு நிறமாலையில் மெதம்பெற்றமினின் முதன்மைக் கீற்று 58இல் விழும், மற்றதற்கு 91இல். கண்ணாலோ படிகத்தின் வடிவாலோ இதைப் பிரித்தறிய முடியாது.

பொதிகள் பல இருக்கும்போது ஒன்றிரண்டைக் கிள்ளி எடுத்துக் கலந்து அனுப்பும் பழக்கமும் நிற்க வேண்டும். ஒரேமாதிரித் தோன்றும் 100 பொதிகளில் எழுந்தமானமாக 23ஐத் தனித்தனியே சோதித்து எல்லாவற்றிலும் போதைப்பொருள் இருந்தால், குறைந்தது 90 பொதிகளில் அது உண்டென்று 95 வீத நம்பிக்கையோடு சொல்லலாம். கலந்துவிட்டால் அந்தக் கணக்கே செல்லாது.

போதைப்பொருள் அல்லாத தடயங்களுக்கும் இதே கதிதான். இரத்தம் பட்ட உடுப்பை ஈரத்தோடு பொலித்தீனில் இட்டால் பக்ரீறியா மரபணுவைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கடதாசிப் பையில் இடவேண்டும். மதுசார அளவுக்கு எடுக்கும் இரத்தத்துக்குச் சோடியம் புளோரைட்டு இட்ட குழாயும் குளிரும் தேவை. துவக்குச் சூட்டின் எச்சத்தைக் கைகளில் இருந்து சில மணித்தியாலங்களுக்குள் ஒட்டியெடுக்க வேண்டும். கை கழுவினால் போயிற்று. அதிலும் இங்கே புழங்கும், வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கில் தீக்குச்சி மருந்தோ பட்டாசு மருந்தோ இடப்பட்டிருந்தால், சூட்டு எச்சத்தின் அடையாளமாகத் தேடப்படும் ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் ஒரே துணிக்கையில் சேர்ந்து வராமல் போகலாம். எந்த வகைத் துவக்கு என்ற குறிப்பு மாதிரியோடு போகாவிட்டால், எச்சம் இல்லை என்ற முடிவை நீதிமன்றம் தவறாக விளங்கிக்கொள்ளும்.

எனவே தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். முதலில் வவுனியாவில் ஒரு சான்றுப்பொருள் ஏற்பு நிலையம். அங்கே மில்லிகிராம் வரை காட்டும், அளவுதிருத்தச் சான்றிதழ் உள்ள தராசு, ஈரப்பதன் கட்டுப்படுத்திய குளிரறை, உடுப்பு உலர்த்தும் அலுமாரி, மின்தடைக்கு மின்பிறப்பாக்கி, பொதி கைமாறும் ஒவ்வொரு முறையும் நேரமும் கையொப்பமும் பதியும் பதிவேடு ஆகியவை இருக்க வேண்டும். நான்கு மாவட்டப் பொலிஸ் நிலையங்களுக்கும் கடதாசிப் பை, முத்திரை உறை, புளோரைட்டுக் குழாய் அடங்கிய பொதியிடற் பெட்டியும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அறிவுறுத்தலும் தரப்பட வேண்டும்.

அதனோடு ஒட்டி, இனங்காண்பதற்கு மட்டுமான சிறு ஆய்வுப் பிரிவு. பெரிய கருவியை உடனே கேட்கவில்லை. வாயு நிறப்பகுப்போடு இணைந்த திணிவு நிறமாலைமானிக்கு ஹீலியம் தடையின்றி வேண்டும். அதன் வெற்றிடப் பம்பி இரவுபகலாக ஓட வேண்டும். மின் நின்றால் வெற்றிடம் குலைந்து, மறுபடி சீராகப் பல மணித்தியாலம் எடுக்கும். அகச்சிவப்பு நிறமாலைமானிக்கோ சில மில்லிகிராம் தூளும் ஓரிரு நிமிடமும் போதும், மாதிரியும் அழியாது. கலவைகளில் அது தடுமாறும் என்பதால், கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பகுப்பைத் துணைக்கு வைக்கலாம். கஞ்சாவுக்கு நுணுக்குக்காட்டியில் இலையின் மேற்புறத்துக் கரடிநக வடிவ மயிர்களும், டுக்கெனாய்-லெவின் சோதனையில் குளோரபோம் படையில் இறங்கும் ஊதாவும், மென்படல நிறப்பகுப்பும் சேர்ந்தால் போதுமானது. தூய அளவைக் கணிப்பது முன்போலவே பெலவத்தையில் நடக்கட்டும்.

இப்பிரிவு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் கீழேயே, அதன் உத்தியோகத்தர்களாலேயே இயங்க வேண்டும். அப்போதுதான் அதன் அறிக்கை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 414ஆம் பிரிவின் கீழ் சான்றாக நிற்கும். படிகாரத்தையோ பரசிற்றமோல் தூளையோ வைத்திருந்து பிடிபட்டவர் சில நாட்களுக்குள் வீடு திரும்பவும் வழி பிறக்கும்.

வவுனியாப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும் இருக்கும் இப்பிரதேசத்தில் பயிற்றக்கூடிய பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. இது தொடர்பாக ஒரு கலந்துரையாடலுக்குத் திகதி தந்தால், பொதியிடல் அறிவுறுத்தலின் வரைவோடு சமுகமளிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
கீழே கையொப்பமிட்டுள்ள வன்னிச் சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்கள், இரசாயனவியல் ஆசிரியர்கள்

பிரதிகள்: அரச இரசாயனப் பகுப்பாய்வாளர், வட மாகாண ஆளுநர், நான்கு மாவட்டங்களினதும் அரசாங்க அதிபர்கள்