பஸ்ஸாவ் நகரின் ‘மாவட்டங்கள்’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் ஜேர்மனியின் பஸ்ஸாவ் நகரைப் பற்றி வெளியான கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். ஆயினும், இன்ஸ்டட், இல்ஸ்டட், ஹால்ஸ் ஆகியவற்றை அந்நகரின் ‘மாவட்டங்கள்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது வாசகரைக் குழப்பக்கூடியது. மாவட்டம் என்றதும் நுவரெலியாவையும் பதுளையையும் நினைக்கும் நமக்கு, ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் மட்டுமே வாழும் நகரொன்றுக்குள் இத்தனை மாவட்டங்கள் எப்படி அடங்கும் என்ற கேள்வி எழாமல் இராது. அவை நகரின் பகுதிகள். ஒரே தேயிலைத் தோட்டத்துக்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று நாம் சொல்வதை ஒத்தவை. உண்மையான மாவட்டமும் அங்கே உண்டு என்பதுதான் வேடிக்கை. நகரைச் சுற்றியுள்ள ஜேர்மன் நிலப்பரப்புக்குப் பஸ்ஸாவ் மாவட்டம் என்றே பெயர்; ஆனால் பஸ்ஸாவ் நகரம் அதில் சேராமல் தனியே நிர்வகிக்கப்படுகிறது; அப்படியிருந்தும் அந்த மாவட்டத்தின் அலுவலகம் இருப்பது நகருக்குள்ளேதான்.

இப்பகுதிகளை ஆறுகளைக் கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டும். டனியூபுக்கும் இன் ஆற்றுக்கும் இடையே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் பழைய நகரமும், அதன் மேட்டில் புனித ஸ்தேவான் பேராலயமும் உள்ளன. இன் ஆற்றின் வலது கரையில், உரோமர் கோட்டை கட்டியிருந்த இடத்தில் இன்ஸ்டட் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒஸ்திரியா. வடக்கிலிருந்து வரும் இல்ஸ் ஆறு டனியூபுடன் கலக்குமிடத்தில் இருப்பது இல்ஸ்டட். இவ்விரு பெயர்களுக்கும் ‘இன் நகர்’, ‘இல்ஸ் நகர்’ என்பதற்கு மேல் வேறு பொருள் இல்லை. டனியூபையும் இல்ஸையும் பிரிக்கும் குன்றின் மேல், 1219இல் ஆயர் ஒருவர் கட்டத் தொடங்கிய ஓபர்ஹவுஸ் கோட்டை நிற்கிறது. இல்ஸ் ஆற்றோடு சற்று மேலே சென்றால், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஹால்ஸ் வருகிறது. அது 1972 வரை தனி ஊராகவே இருந்து, குரூப்வெக், ஹைனிங் ஆகியவற்றோடு அவ்வாண்டு நகருடன் இணைக்கப்பட்டது.

இன் ஆற்றை ‘சிறு கிளையாறு’ என்று எழுதியதையும் ஏற்பதற்கில்லை. சுவிட்சர்லாந்தின் அல்ப்ஸ் மலையில் பிறந்து 500 கிலோமீற்றருக்கும் மேல் ஓடிவரும் இன், சங்கமத்தில் சராசரியாக டனியூபைவிடச் சற்று அதிக நீரையே கொண்டுவருகிறது. பனி உருகும் கோடைத் தொடக்கத்தில் அதன் வெளிர்பச்சை நீர் டனியூபின் நீரைக் கரையோரம் ஒதுக்கித் தள்ளுவதை மேட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். பவேரியக் காட்டின் சதுப்புகளிலிருந்து வரும் இல்ஸின் நீரோ பால் சேர்க்காத தேநீரான நமது பிளேன்டியின் நிறத்தை ஒத்தது. ஆனால் கம்பளைக்கு மேலே மகாவலியில் சேர்ந்ததும் கொத்மலை ஓயா தன் பெயரை இழப்பதுபோல், இவ்விரு ஆறுகளும் அங்கே பெயரிழக்கின்றன. எஞ்சுவது டனியூப் என்ற பெயர் மட்டுமே.

கட்டுரையில் அறவே இடம்பெறாத விடயம் வெள்ளம். மகாவலிக் கரையில் வாழ்பவன் என்ற முறையில் எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது. 2013 ஜூன் 3ஆம் திகதி டனியூபின் அளவுகோல் 12.89 மீற்றரைக் காட்டியது. 1954இல் வந்த பெருவெள்ளமே 12.20 மீற்றர்தான், 2013ஆம் ஆண்டின் அளவை மிஞ்சியதைக் காண 1501ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். டனியூப் உயர்ந்து நிற்கும்போது இல்ஸ் தன் நீரை அதற்குள் விட முடியாமல் பின்னோக்கித் தேங்குகிறது. ஆதலால் சிறிய ஆற்றின் கரையில் இருக்கும் இல்ஸ்டட் பெரிய ஆற்றின் வெள்ளத்தில் மூழ்குகிறது. 2013இல் பழைய நகரின் தாழ்ந்த தெருக்களும் மூழ்கின, பேராலய மேடு தப்பியது. நகர மண்டபச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்தின் உயரமும் ஆண்டோடு குறிக்கப்பட்டிருப்பதால், எந்தப் பகுதி எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்பதை வழிப்போக்கரும் அறிந்துகொள்ளலாம். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் அப்படி ஒரு சுவரையேனும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமாயின், ‘மாவட்டம்’ என்ற சொல்லைத் திருத்தி, மூன்று ஆறுகளையும் நகரின் பகுதிகளையும் காட்டும் எளிய வரைபடம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நாவலப்பிட்டி.