ஓட்டு ஒரு கணக்கு, சீட்டு ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

யார் ஆட்சிக்கு வந்தாலும் பொருளாதாரக் கொள்கை மட்டும் ஏன் மாற மாட்டேங்குதுன்னு உங்க பத்திரிகைல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. எல்லாரும் கட்சிகளையும் தலைவர்களையும்தான் திட்டறாங்க, ஓட்டை எண்ணுற முறையைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

ஒரு தொகுதில நூறு ஓட்டுன்னு வெச்சுக்குங்க, ஒருத்தருக்கு 35, அடுத்தவருக்கு 33, மூணாவது ஆளுக்கு 32. 35 வாங்கினவரு சபைக்குப் போயிடுவாரு, மிச்சம் 65 பேர் போட்டது எந்தக் கணக்குலயும் வராது. முதல் ஓட்டு போடப்போற என் பொண்ணுக்கு இத பேப்பர்ல எழுதிக் காட்டினேன், "அப்ப அந்த 65 பேரு எதுக்குப்பா வரிசைல நின்னாங்க"ன்னு கேட்டா, எனக்கு பதில் வரல. அடுத்த வாட்டி அந்த 32 பேர்ல பாதிப் பேரு "ஆளு நல்லவருதான், ஆனா ஜெயிக்க மாட்டாரு, ஓட்டு வேஸ்ட்"னு பெரிய கட்சி பக்கம் போயிடுவாங்க. இந்த முறைல எல்லாம் ரெண்டு கட்சி பக்கம்தான் சாயும்னு மோரிஸ் டுவெர்ஜேன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் 1951லயே எழுதியிருக்காரு.

சரி, அந்த ரெண்டு கட்சியும் ஒரே பொருளாதாரக் கொள்கைய பிடிச்சுக்கிட்டா ஜனங்க எங்க போவாங்க? இது நியூசிலாந்துல அப்படியே நடந்துச்சு. 1981 தேர்தல்ல லேபர் கட்சிக்கு ஓட்டு கொஞ்சம் அதிகம், ஆனா சீட்டு நேஷனல் கட்சிக்குத்தான் அதிகம், ஆட்சியும் அவங்களுக்கே. 20 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கின மூணாவது கட்சிக்கு மொத்தமே 2 சீட்டு. 1984ல லேபர் வந்துச்சு, தொழிலாளர் கட்சியாச்சே நம்ம பக்கம் நிக்கும்னு நம்பி போட்டாங்க, ஆனா நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் விவசாய மானியத்த எடுத்தாரு, 1986ல 10 சதவீத ஜிஎஸ்டி கொண்டு வந்தாரு, அரசு நிறுவனங்களை விக்க ஆரம்பிச்சாங்க. கோவம் வந்து 1990ல நேஷனலுக்கு அள்ளிப் போட்டாங்க, 48 சதவீத ஓட்டுக்கு மொத்தம் இருந்த 97 சீட்டுல 67 கிடைச்சுது, அவங்களும் அதே ரோட்டுல இன்னும் வேகமா போனாங்க, 1991ல ரூத் ரிச்சர்ட்சன் நிதியமைச்சரா இருந்தப்ப வேலையில்லாதவங்களோட உதவித்தொகைய வெட்டினாங்க. ரெண்டு கதவையும் தட்டிப் பாத்தாச்சு, உள்ள ஒரே வீடு.

அதுக்கப்புறம் அந்த ஜனங்க கதவையே மாத்தினாங்க. 1992 பொதுவாக்கெடுப்புல ஓட்டுப் போட்டவங்கள்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் பேரு முறைய மாத்துங்கன்னாங்க, 1993ல புது முறை 54 சதவீதத்துல ஜெயிச்சுது. 1996ல இருந்து ஆளுக்கு ரெண்டு ஓட்டு, ஒண்ணு கட்சிக்கு, ஒண்ணு தொகுதி வேட்பாளருக்கு. கட்சிக்கு விழற சதவீதத்துக்கு ஏத்த மாதிரிதான் சபைல மொத்த சீட்டு, 5 சதவீதமாவது வாங்கணும், இல்ல ஒரு தொகுதியாவது ஜெயிக்கணும்.

இதுல கஷ்டமே இல்லன்னு நான் சொல்லல. 1996ல கூட்டணி பேசி முடிக்கவே ரெண்டு மாசம் கிட்ட ஆச்சு, அந்தக் கூட்டணி 1998லயே உடைஞ்சும் போச்சு. சின்னக் கட்சி ஒண்ணு பெரிய கட்சிய ஆட்டிப் படைக்கும்ங்கற பயமும் நியாயமானதுதான். ஆனா ஒரு வரியப் போடறதுக்கும் ஒரு மானியத்த வெட்டறதுக்கும் இன்னொரு கட்சியையாவது சம்மதிக்க வைக்கணும்னா, பாதிக்கப்படறவங்க குரல் ஏதோ ஒரு கட்டத்துல அந்த ரூமுக்குள்ள கேக்கும், இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். 2011ல மறுபடி கேட்டப்பவும் அந்த ஜனங்க இதே முறை போதும்னுதான் சொன்னாங்க.

நியூசிலாந்து கைவிட்ட அந்தப் பழைய முறைலதான் பிரிட்டன்ல 2024 தேர்தலும் நடந்துச்சு, அதுல தொழிற்கட்சி வாங்கினது 34 சதவீதம் கிட்ட, கிடைச்சது 650 சீட்டுல 400க்கு மேல, அதே தேர்தல்ல 14 சதவீதம் வாங்கின ரிஃபார்ம் கட்சிக்கு 5 சீட்டு. அந்தக் கட்சி கொள்கை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அந்த 14 சதவீதம் மனுஷங்கதானே.

உங்க கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். எந்தத் தேர்தல் முடிவு போட்டாலும் முதல் பக்கத்துல சீட்டு எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்துல வருது, ஓட்டு சதவீதம் ரெண்டு நாள் கழிச்சு உள்பக்கத்துல ஒரு மூலைல வருது. ரெண்டையும் ஒரே அட்டவணைல, பக்கத்துப் பக்கத்துல, ஒரே சைஸ் எழுத்துல, மொத நாளே போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்