பசுமைக்குடில் பாதைகளும் வண்டித் தளமும் ஒப்பந்தப்படி அமைக்கப்படாதது குறித்த புகார்

அனுப்புநர்
ஜெர்பரா சாகுபடியாளர்,
தளி வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பசுமைக்குடில் கட்டுமான ஒப்பந்த நிறுவனம்,
ஓசூர்.

பொருள்: பசுமைக்குடிலின் உள்பாதைகள், முன்னறைத் தரை, சரக்கு வண்டித் தளம் ஆகியவற்றைப் பெயர்த்தெடுத்து மதிப்பீட்டின்படி மீண்டும் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தளி அருகே ஜெர்பரா மலர் சாகுபடி செய்யும் எனது 1,000 சதுர மீட்டர் பசுமைக்குடிலின் உள்ளே பாதைகளையும், முன்பக்கத்தில் பூப்பெட்டி ஏற்றும் வண்டிக்கான தளத்தையும் அமைத்துத் தரும் வேலையைத் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தேன். வேலை முடிந்துவிட்டதாகத் தாங்கள் இறுதிப் பட்டியல் அனுப்பிய பிறகு பெய்த முதல் மழையிலேயே தளத்துத் தண்ணீர் கதவு வழியாகக் குடிலுக்குள் புகுந்தது. பலமுறை தொலைபேசியில் சொல்லியும், தங்கள் மேற்பார்வையாளர் ஒருமுறை வந்து பார்த்துச் சென்றதைத் தவிர வேறெதுவும் நடக்காததால், குறைகளை எழுத்து மூலமாகத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

முதலில் வண்டித் தளம். மேல்மண்ணை எடுத்துவிட்டு, 150 மில்லிமீட்டர் கனத்துக்கு வெட் மிக்ஸ் ஜல்லி (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி, கல்தூள் கலவை) போட்டு ரோலரால் இறுக்கி, அதன்மேல் 30 மில்லிமீட்டர் எம்-சாண்ட் பரப்பி, 80 மில்லிமீட்டர் பேவர் பிளாக் பதித்து, நான்கு புறமும் கெர்ப் கல் (ஓரத் தடுப்புக் கல்) வைத்துக் காங்கிரீட்டால் பிடிமானம் கொடுப்பதாகத் தங்கள் மதிப்பீட்டில் எழுதியிருக்கிறீர்கள். மினி லாரி பின்வாங்கித் திரும்பும் இடத்தில் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாக இறங்கி, ஓரத்துக் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை நுழைக்கலாம் என்ற நிலை வந்த பிறகு, அங்கே சில கற்களைப் பெயர்த்துப் பார்த்தோம். கல்லின் கனம் 60 மில்லிமீட்டர்தான் இருந்தது. அதன் கீழே ஒரு விரற்கடை அளவுக்குக் கிரஷர் டஸ்ட் என்னும் கல்தூள். அதற்கும் கீழே அறுகம்புல் வேர்கூட அகற்றப்படாத செம்மண். ஜல்லி என்று சொல்லக் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கெர்ப் கல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் கலவையை ஓரமாக அணைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் பல இடங்களில் காலால் தட்டினாலே உதிர்கிறது.

வண்டி ஏறியதால்தான் தளம் இறங்கியது என்று தங்கள் மேற்பார்வையாளர் சொன்ன விளக்கத்தை என்னால் ஏற்க இயலாது. மதிப்பீட்டில் அந்தப் பகுதிக்குத் தாங்களே கொடுத்திருக்கும் தலைப்பு "சரக்கு வண்டி நிற்கும் தளம்" என்பதுதான். பேவர் தளத்தில் பாரத்தைத் தாங்குவது கல் மட்டுமல்ல; அடியில் இறுக்கப்பட்ட ஜல்லி பாரத்தைப் பரப்பிக் கொடுக்க வேண்டும், கற்கள் விலகாமல் ஓரம் பிடித்துக்கொள்ள வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் 80 மில்லிமீட்டர் கல்லைப் பதித்திருந்தாலும் நனைந்த செம்மண்ணில் அது இறங்கத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய குறை வாட்டம். தளத்துத் தண்ணீர் குடிலை விட்டு விலகி, கிழக்கு ஓரத்து வடிகாலுக்குப் போக வேண்டும் என்று பேசியிருந்தோம்; இப்போதுள்ள வாட்டம் நேராகக் கதவை நோக்கி இருக்கிறது. கூரைத் தண்ணீரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதில் முன்பக்கக் குழாய்களில் வரும் பங்கை, தளத்துக்கு அடியில் பதிக்கும் பி.வி.சி. குழாய் வழியாகப் பண்ணைக்குட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் மதிப்பீட்டில் உள்ளது. அந்தக் குழாய் தளத்தின் பாதியோடு நிற்கிறது. அதன் வாயைச் சிமெண்ட் சாக்கால் அடைத்து, மேலே கல்லைப் பதித்து மூடியிருந்ததைக் கற்களைப் பெயர்த்தபோதுதான் கண்டோம்.

குடிலுக்குள் 2 மீட்டர் அகல நடுப்பாதை, கதவிலிருந்து பின்பக்க வடிகால்வரை 36 மீட்டர் நீளத்துக்கு, நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், அதாவது முனைக்கு முனை 36 சென்டிமீட்டர் இறக்கத்தில் இருக்க வேண்டும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பார்த்ததில் 14 சென்டிமீட்டர் இறக்கம்தான் கிடைத்தது. அதிலும் நடுப்பகுதி தொய்ந்திருப்பதால் அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நிலத்தைச் சமன் செய்தபோதே நாங்கள் கொடுத்திருந்த வாட்டத்தை, பின்பக்கம் மண் நிரப்பிக் கெடுத்திருக்கிறார்கள். இதனால் பாதையை ஒட்டி 45 சென்டிமீட்டர் உயரம் இருந்த மேட்டுப்பாத்தி பின்முனையில் 23 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் இத்தனை வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஜெர்பராவுக்குப் பாத்தியை அவ்வளவு உயரமாகப் போடுவதே வேர்ப்பகுதியில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். குருத்தடியில் ஈரம் தங்கினால் பைட்டோப்தோரா அழுகல் வந்து செடியே போய்விடும். பாதையில் தேங்கும் தண்ணீரால் இரவில் குடிலுக்குள் ஈரப்பதம் கூடி, பூவிதழ்களில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சணத்தின் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, தரம் பிரிக்கும்போது பெட்டிக்குப் போக வேண்டிய பூக்கள் ஒதுக்கப்படுகின்றன.

நடுப்பாதைக் காங்கிரீட்டை ஒரே நீளமாக ஊற்றியிருக்கிறார்கள். 3 மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் வெட்ட வேண்டும் என்று மதிப்பீட்டில் இருந்தும் ஒரு ஜாயிண்ட்கூட இல்லை. ஆகவே காங்கிரீட் தனக்குத் தோன்றிய இடங்களில் குறுக்காக விரிசல் விட்டுக்கொண்டது. சொரசொரப்பாக, துடைப்பம் இழுத்த பரப்பு வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். தங்கள் மேஸ்திரி சிமெண்ட் பால் தெளித்துக் கரணையால் மழமழவென்று இழைத்துவிட்டார். அவருடைய கைத்திறமையைக் குறை சொல்லவில்லை, பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் எப்போதும் ஈரமும் பாசியும் இருக்கும் இடத்தில் பூ வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்கள் வழுக்கி விழுகிறார்கள்.

முன்னறையில் கிருமிநாசினியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வருவதற்காகத் தரையில் பள்ளத்தொட்டி ஒன்று கேட்டிருந்தோம். அது இல்லை. தரை உயர்ந்துவிட்டதால் தள்ளுக்கதவும் முழுவதுமாக மூடுவதில்லை. வெள்ளை ஈயும் இலைப்பேனும் உள்ளே வராமல் தடுக்கத்தான் இரட்டைக் கதவும் பூச்சிவலையும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திகளுக்கு இடையே களைத்தடுப்பு விரிப்பு போட்டு, மேலே பேபி ஜல்லி பரப்ப வேண்டிய இடங்களில் விரிப்பே இல்லாமல் கிரஷர் டஸ்டைக் கொட்டியிருக்கிறார்கள். கோரை அதைத் துளைத்துக்கொண்டு வளர்ந்து நிற்கிறது.

இன்னொன்றையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். கலவை இயந்திரத்தைக் குடிலின் வடக்கு மூலையில் நிறுத்தி, தினமும் அதைக் கழுவிய தண்ணீரைப் பக்கத்துப் பாத்திகளில் ஊற்றியிருக்கிறார்கள். சிமெண்ட் கழுவிய தண்ணீர் கடும் காரம். அந்தப் பாத்திகளில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றப் பகுதி வெளிர் மஞ்சளாகவும் மாறியதைப் பார்த்து மண் பரிசோதனை செய்தோம். கார அமில நிலை (pH) அங்கே 8.2, மற்றப் பாத்திகளில் 6.3. ஜெர்பரா 5.5 முதல் 6.5 வரையுள்ள மண்ணைத்தான் விரும்பும்.

பள்ளமான இடங்களில் கலவை போட்டு நிரப்பி, விரிசல்களில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது தங்கள் மேற்பார்வையாளர் முன்வைத்த தீர்வு. அடித்தளம் இல்லாத குறையும் தப்பான வாட்டமும் மேற்பூச்சால் தீராது. ஆகவே, வண்டித் தளத்தை முழுவதுமாகப் பெயர்த்து மதிப்பீட்டில் உள்ள அளவுகளில் மீண்டும் அமைத்தும், கூரைத் தண்ணீர்க் குழாயைப் பண்ணைக்குட்டைவரை கொண்டுபோயும், நடுப்பாதையையும் முன்னறைத் தரையையும் உடைத்தெடுத்துச் சரியான வாட்டத்தில் ஜாயிண்டுகளுடன் புதிதாக ஊற்றியும், பாத்தி இடைவெளிகளில் விரிப்பும் பேபி ஜல்லியும் போட்டும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உடைத்த காங்கிரீட்டைக் குடிலுக்கு வெளியே கொண்டுபோவதும், வடக்கு மூலைப் பாத்திகளின் மண்ணை மாற்றி நாற்று நட்டுத் தருவதும் தங்கள் செலவிலேயே நடைபெற வேண்டும். ஜல்லி இறுக்கிய பிறகும் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும் நான் மட்டம் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே அடுத்த கட்ட வேலை தொடங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பாக எல்லாம் முடிந்தாக வேண்டும். அதுவரை இறுதித் தவணையை நிறுத்தி வைக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாட்டுக்காகக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்வேன். இந்தச் சாகுபடி என் குடும்பத்தின் பிழைப்புக்காக நானே செய்யும் சுயதொழில் என்பதால், வணிக நோக்கம் என்று சொல்லி இதை அச்சட்டத்துக்கு வெளியே தள்ள முடியாது.

தங்கள் மதிப்பீட்டின் நகல், பணம் செலுத்திய ரசீதுகள், பெயர்த்த இடத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், மண் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பெயர்த்த கற்களையும் அடைபட்ட குழாயையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)