"காயம் இல்லை"ன்னு ஒரு வரி எழுதினா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்துல இருக்கும்போது எங்க அம்மா அஞ்சு வாரத்துல மூணு தடவ விழுந்தாங்க, ரெஜிஸ்டர்ல மூணுக்கும் ஒரே வரி தான், "கீழே விழுந்தார், காயம் இல்லை". எத்தனை மணிக்கு, எங்க போறப்போ, லைட் எரிஞ்சுதா, எதுவுமே கிடையாது. அப்புறம் நைட் டூட்டி சிஸ்டர்கிட்ட நானே உக்காந்து கேட்டப்போ தான் தெரிஞ்சுது, மூணு தடவையும் நடுராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சப்போ விழுந்திருக்காங்க, சிறுநீர் அதிகமா போக வைக்கிற நீர் மாத்திரைய ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்துட்டு இருந்திருக்காங்க. டாக்டர்கிட்ட சொன்னதும் காலைக்கு மாத்திட்டாரு. முதல் தடவையே நேரத்த எழுதியிருந்தா இது அன்னிக்கே பிடிபட்டிருக்கும்.

அசெஸ்மென்ட் ஃபைல் இன்னும் மோசம். விழுற ஆபத்த கணக்கு போட மோர்ஸ் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, அதுல சமீபத்துல விழுந்திருந்தா 25 மார்க், கட்டில் நாற்காலின்னு கைக்கு கிடைச்சத பிடிச்சு நடந்தா 30, பொதுவா 45 தாண்டினாலே ரொம்ப ஆபத்துன்னு எடுத்துக்குவாங்க. அம்மாவுக்கு இது ரெண்டுமே இருந்துச்சு, ஆனா ஃபைல்ல போட்டிருந்தது 15! சேர்ந்த அன்னிக்கு எழுதினத அப்படியே மாசா மாசம் காப்பி பண்ணிருக்காங்க, ஆள நடக்க வச்சு யாரும் பாக்கவே இல்ல.

அமெரிக்காவுல நர்சிங் ஹோம்ல சேர்ந்த 14 நாளுக்குள்ள முழு அசெஸ்மென்ட், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவயாவது மறுபடி பாக்கணும்னு ரூல் இருக்கு. விழப்போனவங்கள யாராவது தாங்கிப் பிடிச்சாலும் அங்க அது விழுந்த கணக்குல தான் வரும். இங்க தரையில கிடக்குறத பாத்துட்டு "தானா உக்காந்துட்டாங்க"ன்னு எழுதுறாங்க. யாரும் பாக்காம விழுந்திருந்தா தலையில அடிபடலன்னு எப்படி உறுதியா சொல்ல முடியும், அதுவும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உள்ள ரத்தக்கசிவு சில சமயம் நாள் கழிச்சு கூட வெளிய தெரியும்.

அம்மா இருந்த இல்லத்துல வேலை பாக்குற பொண்ணுங்கள நான் குத்தம் சொல்லல, உண்மைய எழுதினா திட்டு விழும்னு பயப்படுறாங்க, அந்த பயத்த நிர்வாகம் தான் போக்கணும். உங்க நிருபர்கள் முதியோர் இல்லங்கள பத்தி எழுத போனா தோட்டத்தையும் டிவி ரூமையும் படம் எடுக்குறதோட நிறுத்தாம, யார் யார் விழுந்தாங்கன்னு எழுதுற ரெஜிஸ்டர கேட்டு வாங்கி பாக்கணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி