இல்ஃபோர்டில் நான் சொன்ன ஒரு சொல்: மகளுக்குக் கடிதம்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த பழைய பாடப்புத்தகங்களை எடுத்து வெயிலில் காயப் போட்டேன். அரசியல் அறிவியல் புத்தகம் ஒன்றிலிருந்து மைக் கேப்ஸின் தேர்தல் துண்டறிக்கை நழுவி விழுந்தது. உன் இலண்டன் இல்ஃபோர்டுத் தொகுதியில் தொழிலாளர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, பிறகு அந்தக் கட்சியை விட்டு விலகியவர் அவர். 2019 டிசம்பரில் நான் அங்கே உங்களோடு இருந்தபோது உன் பெயருக்குத் தபாலில் வந்தது அந்தத் துண்டறிக்கை. உன்னிடம் சொல்லாமல் நான்தான் அதை ஊருக்கு எடுத்து வந்தேன். கட்சி மாறுகிறவருக்கு மக்கள் என்ன தீர்ப்புத் தருவார்கள் என்பதை, மாலையில் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன். ஏனோ ஒரு நாளும் காட்டவில்லை. அதைக் கையில் எடுத்ததும், அன்று மாலை உன்னிடம் நான் சொன்ன சொல் திரும்ப நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் பேசினால் பேரனின் பள்ளிக்கூடக் கதைக்குள் பேச்சு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் 12ஆம் தேதி உனக்கும் நினைவிருக்கும். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது, மழை வேறு. குழந்தை வண்டியை நான் தள்ளிக்கொண்டு வர, நீ குடை பிடித்தபடி வாக்குச்சாவடிக்கு நடந்தாய். காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்ற முறையில் உனக்கு அங்கே வாக்குரிமை உண்டு என்பதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா வெளியேறுவதா என்ற 2016ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில்கூட இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருந்த நீ வாக்களித்தாய் என்பதும், பல ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்து வரி கட்டிய உன் பக்கத்து வீட்டுப் போலந்துப் பெண்மணியால் வாக்களிக்க முடியவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இந்த முறையும் கேப்ஸுக்குத்தான் வாக்களிக்கப் போகிறேன் என்று நீ வழியில் சொன்னாய். நான் நின்றுவிட்டேன். "ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி வாக்கு வாங்கிவிட்டு, அந்தக் கட்சியை விட்டுப் போனவர் வாக்களித்தவர்களுக்குத் துரோகம் செய்தவர். அவருக்கு வாக்களித்தால் அந்தத் துரோகத்தில் நீயும் பங்காளி" என்றேன். நீ பதில் சொல்லவில்லை. வண்டியின் மழை உறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாய். திரும்பி வந்தபோது பழக்கத்தில் உன் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன், அதில் மை இல்லை. "இங்கே மை கிடையாது அப்பா, நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான்" என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. அது குளிரால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கட்சித் தாவலைப் பழித்தே பேசியவன் நான். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் கட்சி விட்டுக் கட்சி தாவிய வேகத்தில் 'ஆயா ராம், கயா ராம்' என்ற வழக்கே பிறந்ததையும், 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டதையும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் கட்சி மாறினார் என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால், என்ன பதவி, எவ்வளவு பணம் என்பதைத்தான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியையே நான் இல்ஃபோர்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பின் அந்த ஒரு வருடத்தின் கதையை முதலிலிருந்து படித்தபோதுதான், அந்தக் கேள்விக்கு அங்கே விடையே இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

2019 பிப்ரவரி 18ஆம் தேதி தொழிலாளர் கட்சியிலிருந்து ஏழு பேர் விலகினார்கள். அன்று நீயே என்னைத் தொலைபேசியில் அழைத்தது நினைவிருக்கிறதா? அவர்களில் ஒருவரான, நிறைமாதக் கர்ப்பிணி லூசியானா பெர்கர் மேடையேறி, தான் வளர்ந்த கட்சியை விட்டுப் போவதாக அறிவித்ததைப் பார்த்துவிட்டு, நீயும் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்த மாதம் அது என்பதால், "அந்த நிலையில் எழுந்து நின்று இப்படிப் பேச என்னால் முடியுமா தெரியவில்லை அப்பா" என்றாய். யூத வெறுப்பைக் கட்சித் தலைமை கண்டிக்கத் தவறியது அவருடைய முதல் மனத்தாங்கல். 2020 அக்டோபரில் சமத்துவம், மனித உரிமைகளுக்கான ஆணையம் அந்தக் கட்சி சட்டத்தை மீறியது என்றே முடிவு சொன்னது. அந்த ஏழு பேரில் ஒருவரான கேப்ஸுக்கும் அந்த மனக்குறை இருந்தது. அதோடு, பிரெக்சிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு, தலைமை துணை போகிறது என்ற கோபமும் இருந்தது. அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அந்தக் கட்சியில் இருந்தவர், 1992 முதல் உன் தொகுதியின் உறுப்பினர். அடுத்த நாள் ஜோன் ரயன், அதற்கடுத்த நாள் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து அன்னா சூப்ரி, சாரா வொல்லஸ்டன், ஹைடி ஆலன் என்று மூன்று பெண்கள், ஆக மொத்தம் பதினொரு பேர் ஒன்றாக அமர்ந்தார்கள். இவர்களை எந்த அமைச்சர் பதவியும் காத்திருக்கவில்லை. மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுடைய புதிய கட்சிக்கு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் கிடைத்தன, இடம் ஒன்றுமில்லை. ஜூன் தொடக்கத்திலேயே பதினொருவரில் ஆறு பேர் அதையும் விட்டுப் போனார்கள்.

தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறை இருக்கும் வரை புதிய கட்சிக்கு அங்கே வழி குறுகல்தான். 1981இல் ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராஜர்ஸ் ஆகிய நால்வர் தொழிலாளர் கட்சியிலிருந்து பிரிந்து தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சி, லிபரல் கட்சியோடு கூட்டணி அமைத்து 1983 தேர்தலில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியது. கிடைத்த இடங்கள் 23. ஏறக்குறைய 28 விழுக்காடு வாங்கிய தொழிலாளர் கட்சிக்கு 209 இடங்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் கேப்ஸ் போன்றவர்கள் வெளியே வந்தார்கள் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

என் மனத்தை அதைவிட அதிகமாக மாற்றியது 2019 செப்டம்பர் 3ஆம் தேதி நடந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்சி உறுப்பினர் பிலிப் லீ எழுந்து அவையைக் கடந்து லிபரல் டெமாக்ரட் கட்சியினர் பக்கம் போய் உட்கார்ந்தார். அரசுக்கு இருந்த ஒற்றை வாக்குப் பெரும்பான்மை அந்தச் சில அடிகளில் போய்விட்டது. அன்றிரவு, ஒப்பந்தம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வழிவிடும் தீர்மானம் 328க்கு 301 என்று நிறைவேறியது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த 21 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். 1970 முதல் உறுப்பினராக இருந்த கென் கிளார்க், சர்ச்சிலின் மகள்வழிப் பேரன் நிக்கோலஸ் சோம்ஸ், ஆறு வாரங்களுக்கு முன்பு வரை நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹாமண்ட் ஆகியோர் அவர்களில் அடக்கம். கொறடாவின் கட்டளையை மீறியதற்காக 21 பேரும் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் கட்சியை விடவில்லை, கட்சிதான் அவர்களை விட்டது.

கொறடா என்றால் சாட்டை. கட்சியின் சாட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு நம் சட்டமன்றத்தில் அந்தப் பெயரையே பதவிப்பெயராக வைத்திருக்கிறோம். அதை மீறி வாக்களிக்கும் உறுப்பினர், கட்சி அதை மன்னித்தால் ஒழிய, பத்தாவது அட்டவணைப்படி பதவியையே இழக்க நேரிடும். அந்த 21 பேர் நம் மக்களவையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்தேன். பாதிப் பேராவது வாய் திறந்திருக்க மாட்டார்கள். விலைபோகிறவரைத் தடுக்க நாம் கட்டிய வேலி, மனச்சாட்சிப்படி எதிர்த்து வாக்களிக்க நினைப்பவரையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறது. அதே வேளையில், சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்துவிட்டால் அந்த வேலி அவர்களைத் தொடுவதில்லை. தனியாகப் போனால் குற்றம், கூட்டமாகப் போனால் இணைப்பு. இதை இத்தனை ஆண்டுகள் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன், இதில் உள்ள அநியாயத்தைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லையே என்று வருந்துகிறேன்.

டிசம்பர் தேர்தலின் முடிவு உனக்குத் தெரியும். முதலில் விலகிய 11 பேரில் 8 பேர் நின்றார்கள், ஒருவரும் வெல்லவில்லை. பெர்கர், சுக்கா உமுன்னா இருவரும் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்களாக வேறு தொகுதிகளுக்குப் போய் இரண்டாம் இடம் பெற்றார்கள். பிலிப் லீ வோக்கிங்ஹாமில் தோற்றார். விலக்கப்பட்டவர்களில் டொமினிக் கிரீவ், டேவிட் காக், ஆன் மில்டன் ஆகியோர் தங்கள் பழைய தொகுதிகளிலேயே சுயேச்சையாக நின்று தோற்றார்கள். 2017இல் 31,647 வாக்கு வித்தியாசத்தில் வென்ற உன் கேப்ஸ், 3,891 வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். அதில் ஒன்று நீ பென்சிலால் போட்ட குறி. அடுத்த நாள் காலை தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்துவிட்டு, "பார்த்தாயா, மக்கள் தீர்ப்பை" என்று நான் வேறு சொன்னேன். நீ குழந்தைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாய்.

துரோகம் என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அம்மா. இருபத்தேழு ஆண்டுகள் வகித்த பதவி கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே ஒருவர் எழுந்து போனால், அவர் செய்தது தவறு என்று வாதிடலாம், விலைபோனார் என்று சொல்ல முடியாது. அவரை நம்பி நீ போட்ட வாக்கும் தெரிந்து போட்ட வாக்கு. அதற்கான காரணத்தை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய நான், உன்னைப் பேசவிடாமல் செய்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்றில் நான் இன்னும் மாறவில்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 2014இல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு யுகிப் கட்சிக்குப் போன டக்ளஸ் கார்ஸ்வெல், மார்க் ரெக்லெஸ் இருவரும் உறுப்பினர் பதவியைத் துறந்து, கிளாக்டனிலும் ராச்செஸ்டரிலும் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் புதிதாக வாக்குக் கேட்டார்கள். இருவரும் வென்றார்கள். ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்ற அவர்களுடைய கொள்கையில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்கள் போன வழி நேர்மையானது. கேப்ஸும் மற்றவர்களும் அதைச் செய்யவில்லை. 2019 மார்ச் 29ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நாளாகக் குறிக்கப்பட்டிருந்த வேளையில், ஆறு வாரம்கூட இல்லாதபோது, இடைத்தேர்தலுக்குப் போனால் முக்கியமான வாக்கெடுப்புகளில் தொகுதிக்குக் குரலே இருந்திருக்காது என்று நீ அப்போது சொன்னாய். அது நியாயமான வாதம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேதி தள்ளிப்போன பிறகு, ஏப்ரலிலோ மே மாதத்திலோ இல்ஃபோர்டு மக்களிடம் அவர் வந்திருக்கலாமே? 2017இல் அவருக்கு வாக்களித்தவர்களில் பலர் அவருக்காக அல்ல, கட்சிக்காகத்தான் அந்தக் குறியைப் போட்டார்கள். உன் தெருமுனைக் கடைக்காரர் அன்று என்னிடம் கோபத்தோடு சொன்னதும் இதுதான். அவருடைய கோபத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. இதற்கு உன் பதில் என்ன என்று எனக்கு எழுது. இந்த முறை முழுவதும் கேட்டுக்கொள்கிறேன்.

பெர்கர் 2023இல் தொழிலாளர் கட்சிக்கே திரும்பிவிட்டார் என்று படித்தபோது உன் நினைவுதான் வந்தது. அவருடைய பிள்ளையும் நம் பேரனும் ஏறக்குறைய ஒரே வயது.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வரும் மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறோம். துண்டறிக்கையை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வெயிலில் ஓரம் சற்று மஞ்சளாகிவிட்டது. உன் பெயருக்கு வந்தது, உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா