எங்கள் அரசு நிதித் திட்டங்களுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் லாப நோக்கற்ற புத்தாக்க அமைப்பில் அரசு மானியங்களையும் ஒப்பந்தங்களையும் பெற்று நடத்தும் பிரிவின் பொறுப்பை இம்மாத இறுதியில் ஒப்படைக்கிறேன். விடைகொடுக்கும் கூட்டத்தில் பேசியவர்கள், இத்தனை ஆண்டுகளில் வந்த அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியையெல்லாம் நானே கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். அங்கே மறுத்துப் பேசியிருந்தால் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், விவரமாக இங்கே எழுதுகிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர்தான். அதை வெல்லும்படி ஆக்கியவர்களும், வென்ற பணத்தைத் தணிக்கையில் நிற்கும்படி செலவழித்தவர்களும் வேறு பலர். அவர்களில் பெரும்பாலோர் தம் பெயர் வெளியே வருவதை விரும்பமாட்டார்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் யார் என்ன செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். உரியவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்.

தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு உதவியவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள்; அவர்கள் செய்தது என்ன வேலை என்பது அவர்களுடைய வீட்டாருக்கே சரியாகத் தெரியாது. என் உறவினர்களும் நான் "அரசாங்கத்துக்கு மனு எழுதும் வேலை" பார்ப்பதாகத்தான் இன்றுவரை சொல்லிவருகிறார்கள்.

முதல் நன்றி, விண்ணப்பிக்க வேண்டாம் என்று எங்களிடம் அடிக்கடி சொன்ன மூத்த சக ஊழியருக்கு. நிதி அறிவிப்பு ஒன்று வெளியானதும் நாங்கள் எல்லோரும் அதன் நோக்கம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, இது நமக்காகவே எழுதப்பட்டது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். அவர் மட்டும் நேரே யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதிக்குப் போவார்; பிறகு மதிப்பீட்டு அளவுகோல்களைப் படிப்பார்; நோக்கத்தைக் கடைசியில்தான் தொடுவார். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, எஸ்.பி.ஐ.ஆர். என்று அறியப்படும் சிறுதொழில் புத்தாக்க ஆய்வு நிதி, லாப நோக்குடைய சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்பதை, அதற்கான வரைவைப் பாதி எழுதி முடித்திருந்த ஓர் ஆர்வமுள்ள குழுவிடம் அவர் மிகுந்த பொறுமையோடு எடுத்துச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, எஸ்.டி.டி.ஆர். என்னும் சிறுதொழில் தொழில்நுட்பப் பரிமாற்ற இணைத் திட்டத்தில் சிறு நிறுவனம் ஒன்று ஆய்வு அமைப்பு ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தே ஆக வேண்டும். வேலையில் குறைந்தது 40 விழுக்காட்டைச் சிறு நிறுவனமும், குறைந்தது 30 விழுக்காட்டை ஆய்வு அமைப்பும் செய்ய வேண்டும். லாப நோக்கற்ற ஆய்வு அமைப்பு அந்தக் கூட்டாளியின் இடத்தில் இருக்கலாம். முதன்மை விண்ணப்பதாரராக நுழைய முடியாத இடத்தில் கூட்டாளியாக நுழையலாம் என்ற வழியை எங்களுக்குக் காட்டியவர் அவர்தான். எழுதாமல் விட்ட விண்ணப்பங்களால் எங்களுக்கு மிச்சமான உழைப்பு எந்த ஆண்டறிக்கையிலும் வராது என்பதால் அதை இங்கே பதிவுசெய்கிறேன்.

அடுத்து எங்கள் சட்ட ஆலோசகருக்கு. அரசுப் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் பணம்தானே என்று நினைப்பவர்கள் எங்கள் அமைப்பிலும் இருந்தார்கள். 1977ஆம் ஆண்டின் கூட்டாட்சி மானியச் சட்டத்தை வைத்துக்கொண்டு அவர் அந்த நினைப்பை மாற்றினார். அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒன்றை வாங்கினால் அது ஒப்பந்தம். பொது நோக்கம் ஒன்றை நிறைவேற்ற மற்றவருக்கு உதவினால் அது மானியம். உதவுவதோடு நில்லாமல் வேலையிலும் கணிசமாகப் பங்கெடுத்தால் அது கூட்டுறவு உடன்படிக்கை. எங்கள் அன்றாடத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. மானியத்தில் சோதனை தோல்வியடைந்தாலும், நேர்மையாக முயன்று அறிக்கை கொடுத்திருந்தால் கடமை முடிந்துவிடும். நிலையான விலைக்கு எழுதிய ஒப்பந்தத்திலோ, சொன்ன பொருளைச் சொன்ன நாளில் ஒப்படைத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் பணம். புத்தாக்கம் செய்கிறவர்கள் இரண்டாவது வகையைக் கண்டு கொஞ்சம் அஞ்சத்தான் வேண்டும்; அந்த அச்சத்தை எங்களுக்கு உரிய அளவில் ஊட்டியவர் அவர்.

கண்டுபிடிப்புகளின் உரிமையைக் காத்துக் கொடுத்ததும் அவரே. 1980ஆம் ஆண்டின் பே–டோல் சட்டப்படி, கூட்டாட்சி நிதியில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையை லாப நோக்கற்ற அமைப்பு தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகச் சில கடமைகள் வருகின்றன. கண்டுபிடித்தவர் அமைப்பிடம் எழுத்தில் தெரிவித்த 2 மாதங்களுக்குள் அமைப்பு அதை நிதி தந்த துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அரசுக்குக் கட்டணமில்லாப் பயன்பாட்டு உரிமம் உண்டு. வரும் ராயல்டியில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, செலவுபோக எஞ்சியதை ஆய்வுக்கோ கல்விக்கோதான் பயன்படுத்த வேண்டும். அவர் இதற்காக ஆய்வகக் கதவருகே ஒற்றைப் பக்கப் படிவக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். இன்னொரு படிவமா என்று முணுமுணுத்த விஞ்ஞானிகள், தம் பங்கு ராயல்டி வந்த பிறகு அந்தக் கட்டு தீர்ந்துபோனால் தாமே அச்சடித்து மாட்டத் தொடங்கினார்கள்.

இப்போது கணக்குப் பிரிவுக்கு வருகிறேன். இங்கே சற்று நிற்க வேண்டும். எங்கள் மானியங்களில் பெரும்பாலானவை முதலில் செலவுசெய், பிறகு கேட்டுப் பெறு என்ற முறையில் வருபவை. அறிவிப்பில் ஒரு பெருந்தொகை இருக்கும். வங்கிக் கணக்கில் அன்று ஒன்றும் இருக்காது. சம்பளம் கொடுத்து, கருவி வாங்கி, கணக்கு எழுதி, கோரிக்கை அனுப்பி, அது சரிபார்க்கப்பட்டுப் பணம் வந்துசேரும்வரை அமைப்பு தன் கைப்பணத்தில் ஓட வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கடன் வாங்கினால் அதன் வட்டியைப் பொதுவாக மானியச் செலவில் எழுத முடியாது. இதை முன்கூட்டியே உணர்ந்து, கையிருப்பு நிதி ஒன்றை ஒதுக்கி, அதில் வேறு எதற்கும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட நிர்வாகக் குழுவினருக்கு என் மனமார்ந்த நன்றி. அவர்கள் அன்று பிடிவாதமாக இருந்திராவிட்டால், ஒரே ஆண்டில் பல மானியங்கள் கிடைத்த மகிழ்ச்சியிலேயே நாங்கள் சம்பளம் போட முடியாமல் நின்றிருப்போம்.

கணக்குப் பிரிவின் தலைவியைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்கிறேன். ஆய்வகத்துக்கு ஓர் அலைக்காட்டி, அதாவது மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, வாங்கினோம். அதை மேசையில் இறக்கிப் பொட்டலம் பிரிப்பதற்குள், அதன் பில்லின் ஓரத்தில் பென்சிலால் "யார் கணக்கு?" என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு திட்டக் குழுக்களும் அதே மேசையில்தான் வேலை செய்கின்றன என்பதை அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு செலவு நியாயமானதா, விதிப்படி அனுமதிக்கப்பட்டதா என்பதோடு, எந்தத் திட்டத்துக்கு எந்த அளவு பயன்பட்டதோ அந்த அளவில் பிரிக்கப்பட்டதா என்பதையும் விதிகள் கேட்கின்றன. இரு குழுக்களின் பயன்பாட்டு நேரத்தையும் கேட்டு, எந்த அடிப்படையில் விலையைப் பிரித்தோம் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, அந்தப் பில்லோடு சேர்த்துத் தைத்து வைத்தார். பின்னர் வந்த தணிக்கையாளர்கள் கைக்கு எட்டிய கோப்பிலிருந்து உருவிய தாள்களில் அந்தப் பில்லும் ஒன்று. அரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள், கேள்வி எழவில்லை. நேரப் பதிவேட்டிலும் அவர் அப்படித்தான். உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தாமல் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியிருந்த விழுக்காட்டையே மாதந்தோறும் பார்த்து எழுதியவர்களின் தாள்கள் மறுநாளே அவர்களுடைய மேசைக்குத் திரும்பிவிடும்.

மறைமுகச் செலவு என்ற தலைப்பில் அவர் நடத்திய நீண்ட போராட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். வாடகை, மின்சாரம், கணக்கெழுதுபவரின் சம்பளம் போன்றவை எந்த ஒரு திட்டத்திலும் நேராக அடங்காதவை. அரசோடு தனி விகிதம் பேசி முடிக்காத அமைப்புகள், சில இனங்களைக் கழித்துத் திருத்தப்பட்ட நேரடிச் செலவில் 10 விழுக்காட்டை இதற்காகக் கோரலாம் என்றிருந்த விதி, 2024 அக்டோபர் முதல் 15 விழுக்காடாக உயர்ந்தது. பழைய விகிதத்தில் எங்களுக்கு நிச்சயமாகப் போதவில்லை. புதியதிலும் பற்றாக்குறை இல்லாமல் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டியது, எந்தச் செலவுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நன்கொடை அளித்தவர்களின் பணம். கட்டடத்துக்கும் கருவிக்கும் பெயர் பொறிக்கத் தருபவர்கள் கிடைப்பார்கள். மின்கட்டணத்துக்குத் தருபவர்கள் அரியவர்கள். அரசு நிதியில் நாங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கு அடியிலும் உங்கள் பணம் இருந்தது.

விஞ்ஞானிகளில் ஒருவரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்துள்ளது என்பதை நாசாவில் உருவான 9 படிநிலை அளவையில் சொல்லும்படி நிதி அறிவிப்புகள் கேட்பதுண்டு. ஆய்வகத்தில் உறுப்புகளைச் சேர்த்துச் சோதித்திருந்தால் 4ஆம் படி. பயன்படப்போகும் சூழலையொத்த இடத்தில் முன்மாதிரியை இயக்கிக் காட்டியிருந்தால் 6ஆம் படி. எங்கள் விண்ணப்பம் ஒன்றில் 6 என்று எழுதினால் பெரிய தொகைக்குத் தகுதி பெறலாம் என்று நான் உட்படப் பலர் வாதிட்டபோது, அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, கருவி இதுவரை அறை வெப்பநிலையைத் தாண்டி எங்கும் ஓடியதில்லை என்று காட்டி, 4 என்றே எழுதினார். சிறிய தொகைக்கு விண்ணப்பித்தோம், கிடைத்தது. அந்தத் தொகையில் ஓடிய வேலைதான் கருவியை வெளியே கொண்டுபோனது. பெரிய தொகையை வாங்கியிருந்தால் முதல் அரையாண்டு அறிக்கையிலேயே திணறியிருப்போம் என்பது என் உறுதியான கருத்து.

அரசுத் துறைகளின் திட்ட அலுவலர்களுக்கும் ஒப்பந்த அலுவலர்களுக்கும் நன்றி. போட்டி திறந்த பிறகு அவர்கள் எங்களோடு பேசக்கூடியது மிகக் குறைவு. எல்லோருக்கும் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொல்ல முடியும். அந்த வரம்பைக் கறாராகக் காத்தபடியே, அதற்கு முந்தைய நாட்களில் எங்கள் யோசனை அவர்களுடைய துறைக்குப் பொருந்துமா என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். நிராகரிப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளர் கருத்துகளை அனுப்பியபோது, அவற்றில் எது முக்கியம் என்று தொலைபேசியில் விளக்க நேரம் ஒதுக்கியவர்களும் உண்டு. ஒப்பந்த வேலையில் ஒரு மாற்றத்தைத் தொழில்நுட்ப அலுவலர் வாய்மொழியாக விரும்பினாலும், ஒப்பந்த அலுவலர் எழுத்தில் திருத்தம் தரும்வரை அதைத் தொடாதீர்கள் என்று ஒருவர் எங்களை எச்சரித்தார். அவர் அரசின் பக்கம் இருப்பவர். எங்களைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, அரசுப் பதிவுகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்ட தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். 2022 ஏப்ரலில் தனியார் நிறுவனம் ஒன்று அமைப்புகளுக்கு வழங்கிவந்த பழைய டன்ஸ் அடையாள எண் போய் அரசே வழங்கும் தனி அடையாள எண் வந்தபோது, அமைப்பின் சட்டப் பெயரும் முகவரியும் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கப்பட்டது. எங்கள் பதிவுச் சான்றிதழில் பெயருக்கு நடுவே இருந்த காற்புள்ளி வங்கிக் கடிதத்தில் இல்லை. அதை மாதங்களுக்கு முன்பே கவனித்துச் சரிசெய்து வைத்திருந்தார் அவர். இல்லையென்றால் கடைசி நாளன்று விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்போம்.

எங்கள் மானியத்தில் ஒரு பகுதியைத் துணை மானியமாகப் பெற்று எங்களோடு உழைத்த சிறு அமைப்புகளுக்கும் சொல்ல வேண்டும். அரசு எங்களிடம் கேட்ட அதே பில்களை நாங்கள் உங்களிடம் கேட்டோம். எங்களைவிடச் சிறிய கணக்குப் பிரிவை வைத்துக்கொண்டு நீங்கள் அவற்றைத் தந்தீர்கள்.

பொறுப்பேற்கும் சக ஊழியருக்கு: நடப்பில் உள்ள மானியங்களின் கோப்புகள் அனைத்தும் கணக்குப் பிரிவில் வரிசைப்படி உள்ளன. அடுத்து முடிவடையும் திட்டத்தின் இறுதி அறிக்கைகள், அது முடிந்த 120 நாட்களுக்குள் போய்ச்சேர வேண்டும். இறுதி நிதி அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அதன் ஆவணங்களைக் கழிக்கக் கூடாது. பதில் வராத இரண்டு விண்ணப்பங்களைப் பற்றிய குறிப்பு முதல் கோப்பின் முகப்பில் உள்ளது. புதிய அறிவிப்பு எது வந்தாலும், மேலே முதலில் நன்றி சொன்னவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அவர் இன்னும் இரண்டு அறை தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
அரசு நிதிப் பிரிவிலிருந்து விடைபெறும் பொறுப்பாளர்